அரைவை மில்லில் கிடைத்த டெல்கோ

லலாவின் கணவன் கியர்பாக்ஸ் வாங்கி வருகிறேன் என்று கடற்கரைப் பக்கம் போனான். கியர்பாக்ஸை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு அங்கேயே தங்கிவிட்டான். யாரிடம் மாட்டிக்கொண்டான் என்பது எங்கள் தலைநகரம் அந்தனானரிவின் டாக்ஸி ஸ்டாண்டுகளுக்கெல்லாம் தெரியும், லலாவுக்கும் தெரியும். துக்கம் விசாரிக்கிற முகத்தோடு வந்தவர்களிடம் அவள், "கியர்பாக்ஸ் நல்ல கண்டிஷன்ல இருக்கு, அதச் சொல்லணும்ல" என்றாள். அடுத்த மாதமே டிரைவர் லைசென்ஸ் எடுத்தாள்.

அப்போது மகள் மிரானா கைக்குழந்தை. முன் சீட்டில் ஒரு கூடையில் கிடந்து வளர்ந்தாள். ஏறுகிற பயணிகள் முதலில் பெண் ஓட்டுகிறாளே என்று யோசிப்பார்கள், பிறகு கூடையைப் பார்ப்பார்கள், பிறகு குழந்தையை மடியில் வாங்கிக்கொள்வார்கள். இந்த ஊரில் பாதிப் பேர் மடியில் மிரானா இருந்திருக்கிறாள் என்று லலாவ் பெருமையடித்துக்கொள்வாள். கொஞ்சம் கூடுதல்தான், ஆனாலும் அவள் பெருமைக்கு யாரும் கணக்குக் கேட்டதில்லை.

கார் பழைய ரெனோ நாலு. எங்கள் வாயில் அது காட்ரெல். டாக்ஸிக்குரிய கிரீம் நிறம், குடைக் கைப்பிடி மாதிரி டாஷ்போர்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கியர். லலாவைவிட அதற்கு வயது ஒன்றிரண்டு குறைவாக இருக்கலாம். வேறு நாட்டில் இதையெல்லாம் துடைத்துக் கண்காட்சியில் வைக்கிறார்களாம். இங்கே அது காலையில் எழுந்து வேலைக்குப் போகிறது.

எங்கள் நகரம் மேடும் பள்ளமுமாகவே அமைந்துவிட்ட ஊர். இறக்கம் வந்தால் டாக்ஸிக்காரர்கள் எஞ்சினை அணைத்துவிட்டுச் சும்மா உருள்வார்கள். அடிவாரத்தில் கிளச்சை விட்டால் எஞ்சின் தானாகப் பிடித்துக்கொள்ளும். பெட்ரோல் மிச்சம். ஏற்றம் வந்தால் எஞ்சின் கரகரவென்று இருமும். பின்னால் இருப்பவர்கள் இறங்கி, காரோடு பேசிக்கொண்டே நடந்து மேலே வந்து மறுபடி ஏறிக்கொள்வார்கள். வயசான காருக்கு மூச்சு வாங்காதா என்று பயணிகளே சமாதானம் சொல்வார்கள். வேறு மாதிரியும் இருக்க முடியும் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

இப்படி இருந்த காலத்தில்தான் மிரானாவுக்குக் கல்யாணம் கூடியது. பிள்ளை லூவா, மேல்நகரத்துக் குடும்பம். அவன் அம்மா ஸெஹேனு ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை, குரலை உயர்த்தாமலே வகுப்பை அடக்கியவர். மிரானா பிரசவ ஆஸ்பத்திரி நர்ஸ். அவளை அந்த அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பிடிக்காதது கார்தான்.

"சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் ஸெஹேனு, பேச்சு முடித்துச் சாப்பாடெல்லாம் ஆன பிறகு. "என் தங்கச்சி மகன் ஒரு வெள்ளை ஜீப் வாடகைக்கு விடுறான். பொண்ணு அதுல வந்துடட்டுமே."

"என் பொண்ணு என் கார்லதாங்க வருவா."

"ஆசை எனக்குப் புரியுது. ஆனா எங்க வீட்டுக்கு ஒரு விலக்கு இருக்கு."

ஒவ்வொரு குடும்பத்துக்கும் முன்னோர் விட்டுப்போன விலக்கு ஒன்று உண்டு. ஒரு வீட்டுக்குப் பன்றிக்கறி ஆகாது, இன்னொரு வீட்டுக்குச் செவ்வாய்க்கிழமை வயலில் இறங்கக்கூடாது. அதை ஏன் என்று கேட்பது இங்கிதமில்லை. ஸெஹேனு வீட்டு விலக்கு இது: கல்யாணப் பெண் ஏறிய வண்டி கோயில் வாசல் சேரும்வரை பின்னால் உருளக்கூடாது. உருண்டால் அன்றைக்குக் கல்யாணம் கிடையாது, நாள் பார்ப்பவரிடம் போய் வேறு நாள் கேட்க வேண்டும்.

"ஒரு சாண் உருண்டாக்கூடவா?" என்று லலாவ் கேட்டாள்.

"ஒரு விரக்கடை உருண்டாக்கூட. என் மாமியார் காலத்துல மாட்டு வண்டி. மாடு பின்வாங்கிடுச்சு. அறுவடை முடியிறவரைக்கும் காத்திருந்தாங்க."

கல்யாணம் மேல்நகரத்து அந்துஹாலு கிறிஸ்தவக் கோயிலில். கீழ்நகரத்திலிருந்து அங்கே போகிற கல் பாவிய ஏற்றத்தில் வெறும் ஆளே இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குவான். கல்யாணப் பெண்ணை இறங்கி நடக்கச் சொல்ல முடியாது. லலாவுக்குத் தெரியாதா? தெரிந்துதான் சொன்னாள்: "உருளாதுங்க."

சொல்லிவிட்டு வீடு திரும்பும் வழியெல்லாம் எஞ்சின் சத்தத்துக்கே காது கொடுத்துக்கொண்டு வந்தாள். காரணம், ஈஸ்டரிலிருந்தே காட்ரெலின் எஞ்சின் துடிப்பு விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது.

மறுநாள் ஸ்டாண்டிலேயே பானெட்டைத் திறந்தாள். கோளாறு டெல்கோவில். தீப்பொறியை நாலு சிலிண்டருக்கும் முறை தவறாமல் பங்கு வைக்கிற அந்தச் சின்ன உருளையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். கறுப்பு மூடியும் அதில் ஐந்து ஒயரும் தலைமயிர் மாதிரி நிற்கும். மூடியைக் கழற்றி உள்ளே இருக்கும் தண்டைப் பிடித்து அசைத்தாள். விழப்போகிற பல் மாதிரி ஆடியது. தண்டு ஆடினால், திறந்து மூடிப் பொறியைக் கிளப்புகிற பாயின்ட்டின் இடைவெளி ஒரு சுற்றுக்கு ஒரு மாதிரி இருக்கும். பொறி நினைத்தபோது வரும்.

பக்கத்து வண்டி ராசுலுவுடையது. அவன் ஓட்டுவது இரண்டே சிலிண்டர் உள்ள பழைய சித்ரோயன். அதன் அமைப்பே வேறு, டெல்கோ என்ற பொருளே அதில் கிடையாது. அந்த ஒரு காரணத்துக்காக அவனுக்கு இருக்கிற திமிர் கொஞ்சநஞ்சமில்லை.

"அதான் அப்பவே சொன்னேன், டெல்கோ இல்லாத வண்டியா வாங்குன்னு. கட்டிக்கிட்டவன் இல்லாம காலம் தள்ளிட்ட, டெல்கோ இல்லாம முடியலையே அக்கா உனக்கு."

"அவன் போனப்ப வண்டி நிக்கலடா. இது போனா நின்னுடும்" என்றாள் லலாவ்.

அந்திரவாங்கிச் சந்தையில் பழைய உதிரிபாகம் விற்கும் ஃபிதியின் கடைக்குப் போனாள். ஃபிதி அலமாரி நிறைய டெல்கோ வைத்திருந்தான். "புது சரக்கு இருக்கு அக்கா, பளபளன்னு" என்று ஒன்றை எடுத்து நீட்டினான். லலாவ் அதன் அடியைப் பார்த்தாள். எஞ்சினுக்குள் பொருந்துகிற நாக்கு நட்டநடுவில் இருந்தது. அவள் எஞ்சினில் அந்தப் பள்ளம் ஒரு பக்கமாக ஒதுங்கி இருக்கும். அதனால் சரியான டெல்கோ ஒரே ஒரு விதமாகத்தான் உட்காரும், மாற்றி வைக்கவே முடியாது.

"இத அரத்துல ராவி உக்கார வச்சிடலாம் அக்கா."

"மாப்பிள்ள மூக்கு பிடிக்கலன்னா ராவுவியா நீ?"

அடுத்தது ஒரு வேனிலிருந்து கழற்றியது. கையால் சுற்றிப் பார்த்தாள், அதன் பாயின்ட் எதிர்ச்சுற்றுக்கு ஏற்றதாக இருந்தது. அதுவும் வேண்டாம். கடைசியாக அலமாரி மூலையில் ஒன்று அகப்பட்டது. பக்கத்தில் பதித்த எண் அவள் காருக்குரிய எண். நாக்கு ஒதுங்கி இருந்தது. தண்டு ஆடவில்லை. பெண்ணுக்கு வரன் பார்த்தபோதுகூட அவள் இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

அன்று மத்தியானமே மாட்டினாள். காட்ரெலில் முதல் சிலிண்டர் கிளச் பக்கம். பழகாத மெக்கானிக்குகள் ஃபேன் பக்கத்திலிருந்து எண்ணி ஏமாறுவார்கள். முதல் சிலிண்டர் அழுத்தத்தில் உச்சிக்கு வரும்வரை எஞ்சினைச் சுற்றினாள். உள்ளே சுழலும் கை முதல் ஒயரைக் காட்டியது. பாயின்ட் திறக்கிற கணத்தில் அணையும்படி ஒரு சின்ன பல்பைக் கோத்து, உருளையை மயிரிழையாகத் திருப்பி, பல்பு அணைந்த இடத்தில் இறுக்கினாள். தெருச்சரிவில் கொஞ்சம் உருட்டியதுமே எஞ்சின் பிடித்துக்கொண்டது. சத்தம் மணி மாதிரி. ஸ்டாண்டில் எல்லோரும் கை தட்டினார்கள். எங்கள் ஊரில் ஒரு டெல்கோ நல்லதா என்று பார்ப்பது இப்படித்தான்: இறக்கத்தில் உருட்டி.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை வைத்தாள். தோழிகளுக்கு ஈடாக அரிசி மூட்டைகள். மூட்டைகளின் நடுவே மணப்பெண்ணாக ராசுலு, தலையில் ஜன்னல் திரை. அந்துஹாலு ஏற்றத்தில் பாதி தூரம் நன்றாகத்தான் போனது. அதன்பின் தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கின சத்தம் எஞ்சினிலிருந்து வந்தது. இழுவை குறைந்தது. லலாவ் முதல் கியருக்கு மாற்றினாள். சத்தம் கூடியதே தவிர கார் ஏறவில்லை. எஞ்சின் உயிரை விட்டது. ஹேண்ட்பிரேக் பிடிப்பதற்குள் கார் பின்னால் உருண்டு, ஓரத்தில் தக்காளி விற்கிறவளின் கூடையில் முட்டி நின்றது.

"மணப்பெண்ணு இறங்கிக்கிறேன்டியம்மா!" என்று கத்திக்கொண்டே ராசுலு திரையோடு குதித்தான்.

நேரம் பார்த்து அப்போதுதான் கோயில் விட்டு, வெள்ளை லம்பா சால்வை போர்த்திய பெண்கள் கூட்டமாக இறங்கி வந்தார்கள். நடுவில் ஸெஹேனு. காரையும் தக்காளியையும் திரை போட்ட ராசுலுவையும் நிதானமாகப் பார்த்தார். திட்டியிருந்தால் லலாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"யாருக்கும் அடிபடலையே சம்பந்தி?" என்று மட்டும் கேட்டார். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் ஜீப்ப வேற யாருக்கும் குடுக்க வேண்டாம்னு சொல்லி வைக்கிறேன். நீங்க யோசிச்சுச் சொல்லுங்க."

வீட்டில் மிரானா அம்மாவுக்குத் தட்டில் சோறு போட்டு, சோற்றோடு குடிக்க, அடிப்பிடித்த பானையில் கொதிக்கவைத்த தண்ணீரை டம்ளரில் ஊற்றி வைத்தாள். லலாவ் தொடவில்லை.

"அம்மா, ஜீப்ல போனா என்ன இப்போ?"

"உனக்கு ஜீப்புதான் வேணும்னா போயேன்."

"எனக்கு உன் காருதான் வேணும். நான் பொறந்ததுலேருந்து எந்த வண்டில ஏறியிருக்கேன்? ஆனா உன்ன அழ வச்சுட்டு அதுல ஏற மாட்டேன்."

"நான் எங்கடி அழுதேன்?" என்று சொல்லிக்கொண்டே லலாவ் அழுதாள். இருபத்தைந்து வருஷம் அந்தக் கார் அவளுக்குச் சோறு போட்டிருக்கிறது. மகள் வாழப்போகிற வாசலுக்கு அதைக் கொண்டுபோய் நிறுத்த முடியாதென்றால், இத்தனை நாள் ஓட்டியதெல்லாம் பாவப்பட்டவள் பிழைப்பு என்றுதான் மேல்நகரம் எண்ணும். அதை அவளால் பொறுக்க முடியவில்லை.

திங்கட்கிழமை காலையில் டெல்கோவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அடித்தட்டுவரை பிரித்தாள். டெல்கோவின் வயிற்றில் இரண்டு சின்ன இரும்பு எடைகள் உண்டு. எஞ்சின் வேகம் கூடக்கூட அவை விரிந்து, பொறியைக் கொஞ்சம் முன்கூட்டியே விழவைக்கும். அவசரப்பட்டு விரியாமல் அடக்கிப் பிடிக்க இரண்டு ஸ்பிரிங். லலாவ் அந்த ஸ்பிரிங்குகளைப் பார்த்தாள். பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள்.

பேனா ஸ்பிரிங்.

எழுதுகிற பேனாவுக்குள் இருக்கிற மெல்லிய ஸ்பிரிங்கை இழுத்து நீட்டி, முனையைக் கொக்கியாக வளைத்துப் போட்டிருந்தான் யாரோ. யாரோ என்ன, எங்கள் ஊர் டாக்ஸிக்காரன் ஒருவன். பழைய கார் வாங்கினால் அவன் செய்கிற முதல் வேலையே அது. மெல்லிய ஸ்பிரிங் என்றால் எடைகள் உடனே விரியும், பொறி எப்போதும் முந்தும், சமதளத்தில் வண்டி துள்ளிக்கொண்டு போகும், பெட்ரோல் சொட்டுச் சொட்டாக மிச்சமாகும். ஆனால் பாரத்தோடு, மெதுவாக, ஏற்றத்தில் போகும்போது அதே பொறி வேளை கெட்ட வேளையில் விழுந்து, மேலே வருகிற பிஸ்டனின் மண்டையில் அடிக்கும். கூழாங்கல் சத்தம் அதுதான். பாவம், வயசு என்று எல்லோரும் பரிதாபப்பட்ட இருமலும் அதுதான்.

தன் பழைய டெல்கோவையும் பிரித்தாள். பிரித்திருக்கவே தேவையில்லை, அதில் பேனா ஸ்பிரிங் போட்டது அவளேதான். அன்றைக்கு அவளுக்கு இருந்த பெருமை! இத்தனை வருஷம் எத்தனை பேரை அந்த ஏற்றத்தில் இறங்கி நடக்க வைத்திருக்கிறாள் என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது.

நேரே ஃபிதி கடைக்குப் போனாள். "எல்லாத்தையும் திற" என்றாள்.

"எல்லாத்தையுமா? எதுக்குக்கா?"

"திறடா."

ஃபிதி ஒவ்வொன்றாகத் திறந்தான். பேனா ஸ்பிரிங். பேனா ஸ்பிரிங். ஒன்றில் கொசுவலைக் கம்பி. அவன் தோளைக் குலுக்கினான். "எல்லாரும் இப்படித்தானக்கா பண்றாங்க? கம்பெனி ஸ்பிரிங்கு பெட்ரோல் குடிக்கும்னு கழட்டி எறிஞ்சிடுவாங்க. பிரான்சுல சொல்லி வரவழைக்கலாம், மழைக்காலத்துக்குள்ள வந்துரும்."

கல்யாணம் இந்தச் சனிக்கிழமை. மழைக்காலம் எங்கே, இது எங்கே!

ஸ்டாண்டில் ராசுலு விஷயத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான். அவனுடைய ஒரு பேனாகூட இந்தப் பாவத்தில் பங்கு கொள்ளவில்லை அல்லவா! லலாவ் அவனைக் கண்டுகொள்ளாமல் காரின் மட்கார்டில் உட்கார்ந்து யோசித்தாள்.

"பெட்ரோல் மிச்சம் பண்ணாத காட்ரெல் ஒண்ணு வேணும். இறக்கத்துல உருளாத காட்ரெல்."

"இந்த ஊருலயா? இறக்கம் பாக்காத காட்ரெல் இருக்கணும்னா அது நகராத காட்ரெலாதான் இருக்கணும்" என்றான் ராசுலு.

லலாவ் எழுந்து நின்றுவிட்டாள். அவனைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அந்த அளவுக்குப் போகாமல், "ஏறு வண்டில, உன் வண்டிலதான். என் வண்டிக்கு இப்ப டெல்கோ இல்ல" என்றாள்.

நகரத்துக்கு மேற்கே வயல்வெளி. அங்கே ராலாய் என்பவருக்கு நெல் அரைவை மில். விபத்தில் நொறுங்கிய ஒரு காட்ரெலின் எஞ்சினை வாங்கி, சிமென்ட் மேடையில் பதித்து, பெல்ட் மாட்டி, அதை வைத்து வருஷக்கணக்காக ஊர் நெல்லை அரைத்துத் தள்ளியவர். பிற்பாடு கரண்ட் மோட்டார் வந்தது. எஞ்சின் சாக்குக்கு அடியில் கிடந்தது. அதன் மேல் கோழி அடை உட்கார்ந்திருந்தது.

"விக்கிறதுக்கில்ல" என்றார் ராலாய், கேட்பதற்கு முன்னாலேயே.

"விலைக்குக் கேக்கல அண்ணே. டெல்கோவ மட்டும் பாக்கணும்."

"எதுக்கு? என் எஞ்சின் வேலைய விட்டு நின்னுச்சே தவிர, வேலையில தோத்து நின்னதில்ல. இப்ப முட்ட மேல கோழி இருக்கு, தொந்தரவு பண்ணாத."

லலாவ் கல்யாணத்தைச் சொன்னாள், விலக்கைச் சொன்னாள், தக்காளியைக்கூடச் சொன்னாள். தக்காளி இடத்தில் ராலாய்க்கு மனசு இளகியது. கோழியைக் கூடையோடு தூக்கித் தள்ளி வைத்தார்.

டெல்கோ தவிடும் எண்ணெயும் சேர்ந்து அடை மாதிரி அப்பிக் கிடந்தது. அதைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, லலாவ் பிரித்தாள். உள்ளே இரண்டு ஸ்பிரிங். ஒன்று மெல்லிசு, இன்னொன்று தடிமன். தடித்தது கொக்கியில் கொஞ்சம் தளர்வாகத் தொங்கியது. அதை யாரோ கெடுத்துவிட்டார்கள் என்று முதலில் பயந்தாள். பிறகு எடையைக் கட்டைவிரலால் தள்ளிப் பார்த்தாள். முதலில் மெல்லியது மட்டும் இழுத்தது; நன்றாக விரிந்த பிறகே தடித்தது பிடித்தது. செய்தவன் யோசித்துத்தான் செய்திருக்கிறான். பக்கத்தில் ஒட்டியிருந்த, பாரத்துக்கேற்பப் பொறியை முன்பின் நகர்த்துகிற வட்டத் தகரக் குப்பியின் குழாயை வாயில் வைத்து உறிஞ்சி, நாக்கால் அடைத்தாள். நாக்கைக் கவ்விக்கொண்டு விடவில்லை. உள்ளே சவ்வு கிழியவில்லை. தண்டு கல் மாதிரி நின்றது. வாழ்நாள் முழுக்கப் பாரத்தை மட்டுமே இழுத்த டெல்கோ; உருள்வது என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது.

"அண்ணே, இதுதான்" என்றாள்.

ராலாய் மோவாயைச் சொறிந்தார். "எடுத்துக்க. ஆனா ஊர்வலத்துல எனக்கு ஒரு எடம் வேணும்."

"கார்ல இடமில்லையே அண்ணே."

"கார்ல யாரு கேட்டா? ஏத்தத்துல ஒரு ஓரமா நின்னுக்கிறேன். நாலு பேருகிட்ட சொல்லணும், பொண்ண இழுத்துட்டுப் போறது என் மில்லுன்னு."

மூடி மட்டும் விரிசல் விட்டிருந்தது. மூடியும் பாயின்ட்டும் ஃபிதி கடையில் புதிதாக வாங்கிப் போட்டாள். மறுபடியும் முதல் சிலிண்டர், மறுபடியும் பல்பு. எஞ்சின் பிடித்தபோது ஸ்டாண்டில் யாரும் கை தட்டவில்லை. சத்தத்தில் முன்பிருந்த துள்ளல் இல்லை.

"என்னக்கா மந்தமா இருக்கு? தூங்கி எழுந்த மாதிரி?" என்றான் ராசுலு.

"திரையை எடுத்துட்டு வா. நீ இன்னொரு தடவ கல்யாணப் பொண்ணு."

அதே மூட்டைகள், அதே ஏற்றம். தக்காளிக்காரி காரைக் கண்டதும் கூடைகளை இழுத்துச் சுவரோடு ஒட்டி வைத்துக்கொண்டாள். பாதி ஏற்றம் வந்தது. கூழாங்கல் சத்தம் வரவில்லை. லலாவ் ஆக்சிலேட்டரை மிதித்தாள். எஞ்சின் அடித்தொண்டையில் ஒரு குரல் கொடுத்து, மூட்டைகளையும் ராசுலுவையும் இழுத்துக்கொண்டு ஏறியது. மாடு வண்டி இழுப்பது போல, அவசரமில்லாமல், நிற்காமல். உச்சிக்குப் போனதும் ராசுலு திரையை விலக்கி வெளியே எட்டிப் பார்த்தான்.

"பின் சீட்டுல உக்காந்து நடக்காம இங்க வர்றது எனக்கே இதான் முதல் தடவ" என்றான்.

அங்கிருந்தே லலாவ் ஸெஹேனு வீட்டுக்குப் போய், ஜீப்பில் பெரியவர்கள் வரட்டும், பெண் தன்னோடு வருவாள் என்று சொன்னாள். ஸெஹேனு அவள் கையில் படிந்திருந்த எண்ணெய்க் கறையைப் பார்த்தார். "நீங்க சொன்னா சரி" என்றார்.

சனிக்கிழமை வெயில் நன்றாக அடித்தது. காட்ரெலைத் தேய்த்துக் கழுவி, பானெட்டில் வெள்ளை ரிப்பன் கட்டியிருந்தார்கள். லலாவ் புது உடுப்பில், தோளில் லம்பாவோடு ஸ்டீயரிங் பிடித்தாள். பின்னால் மிரானாவும் தோழிகளும், ஒருவர் மேல் ஒருவராகப் பாவாடைகள். முன்னால் வெள்ளை ஜீப்பில், பெண்ணழைக்கக் கீழே வந்திருந்த ஸெஹேனுவும் பெரியவர்களும். பின்னால் வரிசையாகக் கார்கள், அவற்றின் பின்னே தம்பட்டமும் ஊதுகுழலும்.

கார் ஏறத் தொடங்கியது. நடுவழித் திருப்பத்தில் செங்கல் ஏற்றிய கைவண்டி ஒன்று குறுக்கே வந்தது. ஜீப் சட்டென்று நின்றது. லலாவும் நின்றாள், ஹேண்ட்பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தாள். ஜீப்பின் டிரைவர் வெளியூர்க்காரன், இந்த ஊர்ச் சரிவு அவனுக்குப் பழக்கமில்லை. கிளப்பப் பார்த்தான். டயர் கல்லில் வழுக்கியது. ஜீப் பின்னால் நகர்ந்தது. நின்றது. மறுபடி நகர்ந்தது. நேரே காட்ரெலின் மூக்கைப் பார்த்து.

டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டி அலறினான்: "பின்னாடி எடும்மா! பின்னாடி எடு!"

ஏற்றத்தின் இருபக்கமும் நின்ற ஜனங்களும் கத்தினார்கள். ஒருவன் பின்னால் போ என்றான், ஒருவன் போகாதே என்றான். மிரானா முன் சீட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, பின்னால போகாத."

"போவேனாடி?"

இடது பக்கம் சாக்கடைக்கும் ஜீப்புக்கும் நடுவில் காட்ரெல் அகலத்துக்கு ஒரு வழி இருந்தது, அதுவும் மனசு வைத்தால். லலாவ் முதல் கியர் போட்டாள். ஆக்சிலேட்டரைக் கொடுத்து, கிளச் கடிக்கிற இடம் வரை காலை விட்டாள். காரின் முன்பக்கம் நிமிர்ந்தது. எல்லாம் அந்த இடத்தில்தான். பழைய டெல்கோவாக இருந்தால் எஞ்சின் இந்த நேரத்தில் பல்லை நறநறவென்று கடித்துச் செத்திருக்கும். ஹேண்ட்பிரேக்கை விட்டாள்.

கார் ஒரு விரக்கடைகூடப் பின்னால் போகவில்லை. அசையாமல் ஒரு நொடி நின்று, அதே அடித்தொண்டைக் குரலில் முன்னால் நகர்ந்தது. இடது சக்கரம் சாக்கடை விளிம்புக் கல்லில் ஏறியது, தோழிகள் எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய்ந்து வீறிட்டார்கள், ஜீப்பின் பம்பர் கதவை உரசாமல் உரசிக் கடந்தது. செங்கல் வண்டிக்காரன் வாயைப் பிளந்துகொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

"என் மில்லு! பாத்துக்குங்கடா, அது என் மில்லு!" என்று ஒரு குரல் எல்லாச் சத்தத்துக்கும் மேலே கேட்டது. கோட்டும் வைக்கோல் தொப்பியுமாக ராலாய் ஒரு படிக்கட்டின் மேல் நின்று குதித்துக்கொண்டிருந்தார்.

ஜீப்புக்கு முன்னால் போனதும் லலாவ் கண்ணாடியில் பார்த்தாள். ஜீப் ஒரு வழியாகச் சுவரோரம் முட்டுக் கொடுத்து நின்றிருந்தது, யாருக்கும் ஒன்றுமில்லை. ஆனால் ஸெஹேனு கீழே இறங்கிவிட்டார். வெள்ளை லம்பாவை இழுத்துப் பிடித்துக்கொண்டு, கனத்த உடம்போடு, காட்ரெலை நோக்கி வந்துகொண்டிருந்தார். பிள்ளையின் அம்மா கோயிலுக்கு நடந்து வருவதா! ஆனால் நிறுத்தினால் இதே சரிவில் இன்னொரு தடவை கிளம்ப வேண்டும். அதுவும் கூடுதல் பாரத்தோடு.

லலாவ் நிறுத்தினாள்.

ஸெஹேனு முன் கதவைத் திறந்து, சீட்டை அடைத்திருந்த பூக்கூடையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். காரின் அந்தப் பக்கம் அமிழ்ந்தது. "போகுமா சம்பந்தி?" என்று மூச்சு வாங்கக் கேட்டார். இதுவரை அந்தக் குரலில் பயம் என்பதை லலாவ் கேட்டதில்லை.

"கதவ நல்லா சாத்துங்க. போகும்."

போனது. மிச்ச ஏற்றத்தை முழுக்க ஏறியது. அந்துஹாலு மைதானம் கண்ணில் பட்டபோது லலாவுக்குச் சந்தோஷம் பொங்கி வந்தது. கோயில் வாசலில் லூவாவும் பாதிரியாரும் காத்திருக்க, அவள் நிற்காமல் மைதானத்தை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினாள், ஹாரனை அழுத்திய கையை எடுக்காமல். பின்னால் தோழிகள் பாடத் தொடங்கிவிட்டார்கள். ஸெஹேனு தடுக்கவில்லை. தலையிலிருந்த கல்யாணத் தொப்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தில் ஒரு பள்ளிக்கூடப் பெண்ணின் சிரிப்பு இருந்தது.

வாசலில் நிறுத்தியதும் பழக்க தோஷத்தில் லலாவின் கை சாவிக்குப் போனது. நின்ற வண்டியில் எஞ்சின் ஓடுவதை அவளால் ஒரு நாளும் பார்த்துக்கொண்டிருக்க முடிந்ததில்லை. ஸெஹேனு அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அணைக்காதீங்க சம்பந்தி. எங்க ஆளுங்க எல்லாம் இன்னும் ஏறி வரல. வரட்டும். வந்து கேக்கட்டும்."

மிரானா இறங்கினாள். மாப்பிள்ளை கையைப் பிடித்தான். கார்களை ஏற்றத்திலேயே விட்டுவிட்டு மேல்நகரத்துச் சொந்தக்காரர்கள் வேர்வையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொருவராக நடந்து வந்து சேர்ந்தார்கள். லலாவ் காரை விட்டு இறங்கி, பானெட்டின் மேல் கை வைத்து நின்றாள். எஞ்சின் நிதானமாக ஓடிக்கொண்டே இருந்தது, சொட்டுச் சொட்டாகப் பெட்ரோலைக் குடித்துக்கொண்டு, ஒரு வேலையும் இல்லாமல். கடைசி ஆள் வந்து சேரும்வரை அவள் அதை அணைக்கவில்லை.